பழைய ராணுவ போல்ட்-ஆக்‌ஷன் ரைபிளில் தோட்டா ஏறாமல் சிக்கினால்: காரணத்தை வரிசையாகக் கண்டறியும் முறை

மௌசர் 98, மோசின்-நாகாண்ட், லீ-என்ஃபீல்ட் போன்ற ராணுவ உபரி ரைபிள்களில் தோட்டா சிக்கும்போது, புதிதாக வாங்கியவர் பெரும்பாலும் முதலில் கையில் எடுப்பது அரத்தையோ குறடையோதான். மேகசினின் (தோட்டாக்களை வைக்கும் பெட்டி) உதடுகளை, அதாவது தோட்டாவைப் பிடித்து நிறுத்தும் மேல்விளிம்புகளை, வளைப்பார், தோட்டாவைக் குழலுக்குள் வழிநடத்தும் சரிவுப்பாதையைத் தேய்ப்பார், ஸ்பிரிங்கை இழுத்து நீட்டுவார். இவை எதையும் பழைய நிலைக்குத் திருப்ப முடியாது என்பதால், இவையெல்லாம் கடைசியில் வர வேண்டியவை. கீழே உள்ள வரிசை, செலவும் சேதமும் இல்லாத சோதனையில் தொடங்கி, உலோகத்தைத் தொட வேண்டிய வேலையில் முடிகிறது. ஒரு படியில் குறை அகப்பட்டால் அதைச் சரிசெய்து, சோதித்துப் பார்த்த பிறகே அடுத்த படிக்குச் செல்லுங்கள். ஒரே நேரத்தில் மூன்றை மாற்றினால் எது குணப்படுத்தியது என்பது தெரியாமலே போய்விடும்.

1. தொடங்கும் முன் தேவைப்படுபவை

முதல் தேவை டம்மி தோட்டாக்கள். வெடிமருந்தும் உயிருள்ள பிரைமரும் (அடிபட்டதும் தீமூட்டும் சிறு பாகம்) இல்லாத, ஆனால் உண்மையான உலோகக் கூடும் உண்மையான வடிவக் குண்டும் கொண்டவையாக அவை இருக்க வேண்டும். மேகசின் நிறையும் அளவுக்கு, அதாவது மௌசருக்கும் மோசினுக்கும் ஐந்து, லீ-என்ஃபீல்டுக்குப் பத்து வைத்துக்கொள்ளுங்கள். கூட்டின் பக்கத்தில் துளையிட்டவை நல்லது. உயிருள்ள தோட்டாவோடு கலந்துவிட்டாலும் பார்த்தவுடன் அடையாளம் தெரியும். பிளாஸ்டிக் பயிற்சித் தோட்டாக்கள் இந்த வேலைக்கு ஆகாது. அவற்றின் ரிம் (கூட்டின் அடிவிளிம்பு) சில முறைகளிலேயே சிதைந்து, இல்லாத குறையை இருப்பதாகக் காட்டும்.

அடுத்து, பிரகாசமான சிறு விளக்கு, வெர்னியர் காலிப்பர், திருகின் பள்ளத்தில் ஆடாமல் பொருந்தும் ஸ்க்ரூடிரைவர்கள், சேம்பர் (தோட்டா அமரும் குழலின் பின்முனை) பிரஷ், பழைய பல் துலக்கி, மினரல் ஸ்பிரிட் அல்லது மண்ணெண்ணெய், மெல்லிய எண்ணெய், ஒரு குறிப்பேடு. பள்ளத்தைவிட மெல்லிய ஸ்க்ரூடிரைவரால் திருகின் தலை கிழிந்துவிடும். பழைய திருகுக்கு மாற்றுக் கிடைப்பதும் எளிதல்ல.

உயிருள்ள தோட்டாக்கள் வேலை செய்யும் அறையிலேயே இருக்கக் கூடாது. போல்ட்டை, அதாவது தோட்டாவை உள்ளே தள்ளிச் சேம்பரை மூடும் கைப்பிடியுள்ள உருளையை, மீண்டும் மீண்டும் மூடித் திறக்கும் இந்த வேலையில், நூறில் ஒரு முறை ஏற்படும் கவனக்குறைவே போதும். குழல்முனையைப் பாதுகாப்பான திசையில் வைத்து, போல்ட்டைத் திறந்து, மேகசினையும் சேம்பரையும் கண்ணாலும் விரலாலும் சோதித்த பிறகே தொடங்குங்கள்.

இந்த வழிகாட்டிக்கு வெளியே ஒரு நிபந்தனை உண்டு. ரைபிளின் ஹெட்ஸ்பேஸ், அதாவது மூடிய போல்ட்டின் முகப்புக்கும் சேம்பரில் தோட்டா அமரும் இடத்துக்கும் இடையிலான தூரம், தகுதியுள்ள பழுதுபார்ப்பாளரால் அளவுக்கட்டை கொண்டு ஒருமுறையாவது சரிபார்க்கப்பட்டிருக்க வேண்டும். போல்ட்டின் எண்ணும் ரிசீவரின் (போல்ட் இயங்கும் உலோக உடல்) எண்ணும் வேறுபட்டிருந்தால் இது தவிர்க்கவே முடியாதது.

2. தோட்டா நிற்கும் இடத்தைக் குறித்தல்

‘சிக்குகிறது’ என்ற ஒரு சொல்லை வைத்து எதையும் கண்டுபிடிக்க முடியாது. டம்மிகளை நிரப்பி, போல்ட்டை மெதுவாக முன்னே தள்ளி, எதிர்ப்பு தோன்றிய இடத்திலேயே கையை நிறுத்தி, மேலிருந்து விளக்கடித்துப் பாருங்கள். தோட்டா எந்த நிலையில் நிற்கிறது என்பதை எழுதிவையுங்கள்.

தோட்டா மேலே எழவே இல்லை, போல்ட் அதன் மேல் வழுக்கிச் செல்கிறது என்றால் ஸ்பிரிங், ஃபாலோவர் (தோட்டாக்களை அடியிலிருந்து மேலே தள்ளும் தகடு), அழுக்கு அல்லது மேகசினின் உயரம் காரணம். குண்டின் முனை கீழே குனிந்து சரிவுப்பாதையில் முட்டினால் உதடுகளையும் ஃபாலோவரின் முன்பகுதியையும் சந்தேகிக்க வேண்டும். இரண்டு தோட்டாக்கள் சேர்ந்து நகர முயன்றால் ரிம் பூட்டு (படி 9) அல்லது மோசினின் இன்டரப்டர் (படி 10) காரணம். சேம்பருக்குள் பெரும்பகுதி சென்ற பின் நின்றால் சேம்பர் அழுக்கு, தவறான தோட்டா, அல்லது கூட்டைப் பற்றி வெளியே இழுக்கும் எக்ஸ்ட்ராக்டருக்குள் ரிம் ஏறாமை.

இதில் பலர் தவறவிடும் ஒன்று உண்டு. முந்தைய கூடு முழுமையாக வெளியேறாமல் அடுத்த தோட்டாவின் வழியை மறித்தாலும், பார்ப்பவருக்கு அது தோட்டா ஏறாத பிரச்சினையாகவே தெரியும். எனவே டம்மிகள் வெளியே தெறிக்கும் விதத்தையும் சேர்த்தே கவனியுங்கள்.

3. குறையே இல்லாத ‘குறைகளை’ விலக்குதல்

இந்த ரைபிள்களின் இயல்பான நடத்தையையே பழுதாக எண்ணிப் பிரித்துப்போடுவது அடிக்கடி நடக்கிறது.

லீ-என்ஃபீல்டில் போல்ட்டை முன்னே தள்ளும் பயணத்தின் கடைசிப் பகுதியில்தான் சுடும் ஊசியின் ஸ்பிரிங் அழுத்தப்படுகிறது. அங்கே தோன்றும் எதிர்ப்பு தோட்டாவால் வருவதல்ல. காலி மேகசினுடனும் அதே எதிர்ப்பு இருக்கிறதா என்று பார்த்தால் ஐயம் தீரும். மௌசர் 98-இலும் மோசினிலும் இந்த அழுத்தம் போல்ட்டைத் திறக்கும்போது வருகிறது. ஆனால் ஸ்வீடனின் 96 போன்ற முந்தைய மௌசர்கள் இந்த விஷயத்தில் லீ-என்ஃபீல்டைப் போன்றவை.

மௌசர் 98-இன் மேகசின் காலியானதும் ஃபாலோவரின் பின்விளிம்பு எழுந்து போல்ட்டை மறிக்கும். தோட்டா தீர்ந்ததைச் சுடுபவருக்கு உணர்த்தவே அப்படி அமைத்திருக்கிறார்கள்.

லீ-என்ஃபீல்ட் எண் 1 மார்க் 3 ரைபிள்கள் சிலவற்றில் வலப்பக்கம் கட்-ஆஃப் தகடு இருக்கும். அது உள்ளே தள்ளப்பட்டிருந்தால் மேகசினிலுள்ள தோட்டாக்களை மூடிவிடும். போல்ட் வெறுமனே அவற்றின் மேல் போய்வரும். ஸ்பிரிங்ஃபீல்ட் 1903-இல் கட்-ஆஃப் வேறு விதமாக, போல்ட்டின் பின்னோக்கிய பயணத்தையே குறுக்கி, அடுத்த தோட்டாவை எட்டவிடாமல் செய்கிறது.

கார்கானோ, ஸ்டெயர்-மான்லிக்கர் எம்95 ஆகிய ரைபிள்கள் கிளிப்போடு (தோட்டாக்களைச் சேர்த்துப் பிடிக்கும் உலோகத் தகடு) சேர்த்தே மேகசினுக்குள் தோட்டாவைப் போட வேண்டியவை. கிளிப் இல்லாமல் தோட்டாக்களைத் தனியாகப் போட்டால் அவற்றைப் பிடித்து நிறுத்த மேகசினில் உதடுகளே இல்லை. இவற்றைப் பிரித்துச் சோதிப்பதற்கு முன் சரியான கிளிப்பை வாங்கிப் பாருங்கள்.

4. போல்ட்டை இயக்கும் விதம்

பழைய பொருள் என்ற இரக்கத்தில் போல்ட்டை மென்மையாக நகர்த்துவது புதியவர்களின் வழக்கம். ராணுவ ரைபிள்கள் அப்படி இயங்க வடிவமைக்கப்படவில்லை. பின்னோக்கிய பயணம் முழுமையடையாவிட்டால் போல்ட்டின் முகப்பு அடுத்த தோட்டாவின் பின்புறத்துக்கு வந்து சேராது. பழைய கூடும் அதை வெளியே தெறிக்கவைக்கும் எஜெக்டரில் மோதாது. எஜெக்டர் நிலையான தகடாகவோ திருகாகவோ உள்ள ரைபிள்களில் கூடு தெறிக்கும் வேகம், நீங்கள் போல்ட்டை இழுக்கும் வேகம்தான்.

போல்ட் அதன் தடுப்பில் மோதும் ஒலி கேட்கும்வரை பின்னே இழுத்து, தயங்காமல் முன்னே தள்ளி, கைப்பிடியை முழுவதும் கீழே இறக்கிப் பாருங்கள். மெதுவாக நகர்த்தும்போது மட்டுமே சிக்கி, உறுதியாக இயக்கும்போது சிக்காத ரைபிளுக்குப் பழுது எதுவும் இல்லை.

5. தோட்டாவைச் சோதித்தல்

ரைபிளைக் குறைசொல்லும் முன் தோட்டாவை அளந்துவிடுங்கள். முழுநீளத்தின் உச்சவரம்பு, 8×57 மௌசருக்கு 82 மில்லிமீட்டர், லீ-என்ஃபீல்டின் .303 பிரிட்டிஷுக்கு 78.1, மோசினின் 7.62×54ஆர் தோட்டாவுக்கு 77.16, 7.62×51 நேட்டோவுக்கு 71.12. இதைவிட நீண்டால் மேகசினின் முன்சுவரில் குண்டு உரசும். வரம்புக்கு மிகவும் குறைவாக இருந்தாலும் சிக்கல்தான். தோட்டா மேகசினுக்குள் முன்னும் பின்னும் ஓடி, உதடுகளை விட்டு வெளியேறும் நேரம் தவறும். வேட்டைக்கான மென்முனைக் குண்டுகள் சிக்கி, ராணுவக் கூர்முனைக் குண்டுகள் தடையின்றி ஏறினால் விடை கிடைத்துவிட்டது: மேகசினும் சரிவுப்பாதையும் ராணுவக் குண்டின் வடிவத்துக்காகவே அமைக்கப்பட்டவை.

ரைபிள் எந்தத் தோட்டாவுக்கு உரியது என்பதைக் கேள்விப்பட்டதை வைத்து முடிவு செய்யாதீர்கள். பிற்காலத்தில் வேறு தோட்டாவுக்கு மாற்றப்பட்டவை ஏராளம். இஸ்ரேல் தன்னிடமிருந்த மௌசர் 98-களை 7.62 நேட்டோவுக்கு மாற்றியது நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு. குழலிலும் ரிசீவரிலும் உள்ள முத்திரையைப் படித்து, ஐயமிருந்தால் சேம்பரை அச்செடுத்து அளக்கச் சொல்லுங்கள். சேம்பருக்குள் போக மறுக்கும் தோட்டாவை வலுக்கட்டாயமாகத் திணித்துப் போல்ட்டை மூடுவது உயிருக்கே ஆபத்து.

6. காஸ்மோலினை நீக்குதல்

என் கணிப்பில் இந்த ரைபிள்களின் சிக்கல்களில் பெரும்பங்கு இந்தப் படியிலேயே தீர்ந்துவிடும். கிடங்கில் வைக்கும்போது துருப்பிடிக்காமலிருக்கப் பூசிய காஸ்மோலின் என்ற கொழுப்பு பல ஆண்டுகளில் கெட்டியாகி, பழுப்பு அரக்கைப் போல இடுக்குகளில் உறைந்திருக்கும். வெளிப்புறம் பளபளப்பாக இருப்பதைப் பார்த்துச் சுத்தமாகிவிட்டது என்று நம்பி ஏமாற வேண்டாம். பார்க்க வேண்டிய இடங்கள்: ஃபாலோவர் சுழலும் அச்சு, மேகசின் ஸ்பிரிங்கின் மடிப்புகள், எக்ஸ்ட்ராக்டர் நகத்தின் அடிப்பகுதி, மோசினின் இன்டரப்டர் பதிந்திருக்கும் பள்ளம், போல்ட்டின் உட்புறம், சேம்பர்.

முதலில் பிரிக்கும் ஒவ்வொரு நிலையையும் படம் எடுங்கள். உலோகப் பாகங்களை மினரல் ஸ்பிரிட்டில் ஊறவைத்துத் துலக்கி, துடைத்து, உலர்த்தி, மெல்லிய எண்ணெய் பூசுங்கள். கொதிநீரும் காஸ்மோலினை இளக்கும். ஆனால் உடனே முழுவதும் உலர்த்தாவிட்டால் துரு பிடிக்கும். மரப்பகுதியைக் கரைப்பானில் ஊறவைக்கக் கூடாது. கரைப்பானைக் காற்றோட்டமான இடத்தில், நெருப்பிலிருந்து விலகிப் பயன்படுத்துங்கள்.

சேம்பருக்குத் தனிக் கவனம் தேவை. கெட்டியான படலம் அங்கே இருந்தால் தோட்டா ஏறுவதும் கடினம், சுட்ட பிறகு வெளியே வருவதும் கடினம். மோசினில் சுடச்சுடப் போல்ட் இறுகிப்போவதாகச் சொல்லப்படுவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்: சூட்டில் படலம் இளகிக் கூட்டைப் பற்றிக்கொள்கிறது. கரைப்பானில் நனைத்த சேம்பர் பிரஷைக் கையால் சுழற்றித் தேய்த்து, வெள்ளைத்துணி கறையின்றி வரும்வரை துடையுங்கள். மின்துளைப்பானில் மணல்தாளைச் சுற்றித் தேய்ப்பவர்கள் உண்டு. சேம்பரின் அளவு ஒருமுறை பெரிதானால் சிறிதாக்க வழியில்லை என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

பழைய ராணுவத் தோட்டாக்களின் பிரைமரில் பொட்டாசியம் குளோரேட் இருக்கக்கூடும். சுட்டபின் எஞ்சும் பொட்டாசியம் குளோரைடு, காற்றின் ஈரத்தை இழுத்துத் துருவை உண்டாக்கும். அந்த உப்பு எண்ணெயில் கரையாது, நீரில் கரையும். ஆகவே சுட்ட அன்றே வெந்நீரால் குழலையும் போல்ட்டின் முகப்பையும் கழுவி, உலர்த்தி, பிறகே எண்ணெய் இடுங்கள். சொரசொரப்பான சேம்பர் பலவற்றின் தொடக்கம் இந்தப் படியைத் தவிர்த்த ஒரு மாலைதான்.

7. ஆக்‌ஷன் திருகுகள்

ரிசீவரையும் டிரிகர் கார்டையும் (விசையைச் சுற்றியுள்ள உலோக வளையம்) இணைக்கும் திருகுகளுக்கும் தோட்டா ஏறுவதற்கும் என்ன தொடர்பு என்று தோன்றலாம். மௌசரிலும் மோசினிலும் மேகசின் பெட்டி டிரிகர் கார்டோடு சேர்ந்த பாகம். திருகு தளர்ந்திருந்தால் பெட்டி தாழ்ந்து நிற்கும்; மரம் சுருங்கியிருக்கும்போது அளவுமீறி இறுக்கினால் பெட்டி மேலே அழுந்தியோ சாய்ந்தோ ஃபாலோவரைக் கவ்விக்கொள்ளும்.

சோதனை எளிது. திருகுகளைச் சற்றே தளர்த்தி டம்மிகளை ஏற்றிப் பாருங்கள். பிறகு முன்திருகை முதலிலும் பின்திருகை அடுத்தும் இறுக்கி மீண்டும் பாருங்கள். நடத்தை மாறினால் காரணம் இங்கே இருக்கிறது. மௌசரின் பின்திருகைச் சுற்றி மரத்துக்குள் ஓர் உலோகக் குழாய் இருக்க வேண்டும். அது தொலைந்த ரைபிள்களில் இறுக்க இறுக்க மரம் நசுங்கும். மோசினைப் பிரிக்கும்போது ரிசீவருக்கடியில் சிறு உலோகத் துண்டோ அட்டைத் துண்டோ விழுந்தால் குப்பை என்று எறியாதீர்கள். உயரத்தைச் சரிசெய்ய யாரோ ஆயுதத் தொழிலாளி வைத்தது அது.

8. மேகசின், ஃபாலோவர், ஸ்பிரிங்

லீ-என்ஃபீல்டில் மேகசின் கழற்றக்கூடியது, எனவே அதைத் தாங்கும் கொக்கி தேய்ந்து மேகசின் தாழ்ந்து தொங்குவது வழக்கமான குறை. மேகசினை அடியிலிருந்து உள்ளங்கையால் மேல்நோக்கி அழுத்தியபடி போல்ட்டை இயக்குங்கள். சிக்கல் மறைந்தால் உதடுகளில் குற்றமில்லை, கொக்கியையோ மேகசினின் பின்புறப் பற்களையோதான் கவனிக்க வேண்டும்.

இந்த மேகசின்கள் ஒவ்வொரு ரைபிளுக்கும் பொருத்திச் சரிசெய்யப்பட்டவை. வேறொன்றிலிருந்து வந்த மேகசின் இதில் ஒழுங்காக வேலைசெய்யும் என்ற உறுதி இல்லை. முடிந்தால் நன்றாக இயங்கும் இன்னொரு மேகசினைக் கடன்வாங்கிச் சோதியுங்கள். உதடுகளைத் தொடுவதற்கு முன் இந்த ஒரு சோதனை பெரும் தவறைத் தடுக்கும்.

மௌசரில் ஸ்பிரிங் பல மடிப்புகள் கொண்ட தட்டையான பட்டை. அதன் இரு முனைகளும் ஒரே அகலம் அல்ல. முன்பின்னாக மாற்றிப் பொருத்தினால் ஃபாலோவர் சாய்ந்து எழும். கழற்றும் முன் எடுத்த படம் இங்கே உதவும். ஃபாலோவரை விரலால் அழுத்திச் சட்டென விடுங்கள். இரு முனைகளும் தடையின்றி எழ வேண்டும். ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் புதியது வாங்குங்கள். நீட்டிய ஸ்பிரிங் சில நாட்கள் வேலைசெய்து மீண்டும் தளரும். பிரச்சினை தீர்ந்ததாக நினைத்து நீங்கள் வேறிடத்தில் தேட ஆரம்பித்திருப்பீர்கள்.

9. ரிம் பூட்டு

.303 தோட்டாவிலும் 7.62×54ஆர் தோட்டாவிலும் கூட்டின் அடியில் துருத்திய ரிம் உண்டு. மேலுள்ள தோட்டாவின் ரிம் கீழுள்ளதன் ரிம்முக்குப் பின்னால் அமர்ந்துவிட்டால், முன்னே தள்ளும்போது கீழுள்ளதையும் இழுக்கும், இரண்டும் பூட்டிக்கொள்ளும். மேகசினை எவ்வளவு பழுதுபார்த்தாலும் இது தீராது, ஏனெனில் பிழை நிரப்பும் வரிசையில் இருக்கிறது.

ஒவ்வொன்றாக நிரப்பும்போது ஒவ்வொரு தோட்டாவின் ரிம்மும் அதற்குக் கீழுள்ளதன் ரிம்முக்கு முன்னால் அமர்கிறதா என்று பார்த்து அழுத்துங்கள். .303 கிளிப்பில் முதலாவது, மூன்றாவது, ஐந்தாவது தோட்டாக்களின் ரிம்கள் கிளிப்பின் அடியை ஒட்டியும், இரண்டாவதும் நான்காவதும் அவற்றுக்கு முன்னாலும் இருக்க வேண்டும். இந்த அமைப்பினால் கிளிப்பை எந்தப் பக்கம் திருப்பிச் செருகினாலும் வேறுபாடில்லை. வளைந்த, துருப்பிடித்த கிளிப்பைத் தூக்கி எறியுங்கள். அதைக் காப்பாற்றுவதில் பயனில்லை.

10. மோசினின் இன்டரப்டர்

ரிசீவரின் இடப்பக்கத்தில் ஒரு திருகால் பிடிக்கப்பட்ட இந்தச் சிறு பாகம், மேல் தோட்டாவைக் கீழுள்ளவற்றின் அழுத்தத்திலிருந்து பிரித்து வைக்கிறது. போல்ட்டின் கைப்பிடி முழுவதும் கீழே இறங்கும்போது அது விலகி, அடுத்த தோட்டாவை எழவிடும். போல்ட்டைத் திறக்கும்போது மீண்டும் உள்ளே வந்து மற்றவற்றைத் தடுத்து நிறுத்தும்.

இதன் இயக்கம் தெரிந்தால் அறிகுறிகளைப் படிப்பது கடினமல்ல. இரண்டு தோட்டாக்கள் சேர்ந்து எழுந்தால் இன்டரப்டர் உள்ளே வரவில்லை: அழுக்கு, தளர்ந்த திருகு, அல்லது தேய்ந்த முனை. தோட்டா எழவே மறுத்தால் அது வெளியே விலகவில்லை, அல்லது கைப்பிடியை நீங்கள் முழுவதும் இறக்கவில்லை. கிளிப்பிலிருந்து நிரப்பும்போது கட்டைவிரலின் அழுத்தம் அரைகுறையாக இருந்தாலும் மேலிருந்து இரண்டாவது தோட்டா இன்டரப்டருக்குக் கீழே போகாமல் நின்று அதே குழப்பத்தை உண்டாக்கும். பள்ளத்தைச் சுத்தம் செய்து திருகை இறுக்கியும் மாறாவிட்டால் பாகத்தை மாற்றுங்கள். முந்தைய ரைபிள்களில் எஜெக்டரும் இன்டரப்டரும் ஒரே துண்டு, பிந்தையவற்றில் இரு துண்டுகள். உங்களிடம் இருப்பது எது என்று பார்த்து வாங்க வேண்டும்.

11. எக்ஸ்ட்ராக்டரும் எஜெக்டரும்

மௌசர் 98-இன் நீண்ட எக்ஸ்ட்ராக்டர் போல்ட்டோடு சுழலாது. மேகசினிலிருந்து எழும் தோட்டாவின் ரிம் கீழிருந்து அதன் நகத்துக்குள் வழுக்கி ஏற வேண்டும். எனவே சேம்பரில் ஒரு தோட்டாவைக் கையால் போட்டுவிட்டுப் போல்ட்டை மூடுவது, நகத்தை ரிம்மின் மேல் வலுவில் ஏறச்செய்வதாகும். அது மூட மறுக்கலாம், நகம் உடையவும் செய்யலாம். ஒரே ஒரு தோட்டாவைப் போட நினைத்தாலும் அதை மேகசின் வழியாகவே ஏற்றுங்கள்.

நகத்தின் பிடியைச் சோதிக்க, போல்ட்டைத் தனியே எடுத்து, ஒரு டம்மியின் ரிம்மை நகத்தின் கீழிருந்து ஏற்றி, கிடைமட்டமாகப் பிடித்து மெல்ல அசையுங்கள். டம்மி உடனே விழுந்தால் பிடி தளர்ந்துள்ளது. ஏறவே கடினமாக இருந்தால் நகத்தின் உட்புறத்தில் அழுக்கோ முறிந்த பிசிறோ இருக்கிறது. லீ-என்ஃபீல்டில் எக்ஸ்ட்ராக்டர் போல்ட்டின் தலையில் தனி ஸ்பிரிங்கோடு இருக்கும். அந்த ஸ்பிரிங் முறிந்திருந்தால் விரலால் அசைத்தாலே தெரியும்.

கூடு சேம்பரை விட்டு வெளிவந்தும் தெறிக்காமல் ரிசீவரிலேயே கிடந்தால் எஜெக்டரைப் பாருங்கள். மௌசரில் அது இடப்பக்கம் போல்ட்-தடுப்புக்குள் உள்ள தகடு. முனை முறிந்திருப்பது அரிதல்ல. லீ-என்ஃபீல்டில் ரிசீவரின் இடச்சுவரிலுள்ள திருகின் முனை தேய்ந்திருக்கலாம்.

12. பழுதுபார்ப்பாளரிடம் விட வேண்டியவை

மேகசின் உதடுகளின் திருத்தம், சரிவுப்பாதையின் மெருகேற்றம், எக்ஸ்ட்ராக்டர் நகத்தைச் சீவுதல், போல்ட்டையோ அதன் தலையையோ மாற்றுதல். இவற்றில் கடைசியானது ஹெட்ஸ்பேஸை மாற்றும் என்பதால், அதை வீட்டில் செய்வதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். முதல் மூன்றையும் தேர்ந்தவர் கையில் கொடுப்பதற்குக் காரணம் எளியது: எடுத்த உலோகம் திரும்பாது. முந்தைய படிகளில் எழுதிய குறிப்புகளைக் கூடவே கொடுங்கள். அவர் தேட வேண்டிய நேரம் பாதியாகக் குறையும்.

13. சுடுதளத்தில் இறுதிச் சோதனை

டம்மிகள் முழு மேகசினும் தொடர்ந்து சிக்காமல் ஏறி இறங்கிய பிறகே உயிருள்ள தோட்டாவுக்கு வாருங்கள், அதுவும் அனுமதி பெற்ற சுடுதளத்தில் மட்டும். முதலில் மேகசினில் ஒன்று, பிறகு இரண்டு, அதன்பின் முழுவதும். இரண்டு போடும்போதுதான் ரிம் பூட்டும் இன்டரப்டரும் வெளிப்படும்; முழுதாக நிரப்பும்போதுதான் ஸ்பிரிங்கின் மேலழுத்தம் தெரியும்.

பிரைமர் அடிபட்டும் வெடிக்காவிட்டால் குழலை இலக்கை நோக்கியே வைத்து, குறைந்தது ஒரு நிமிடம் காத்திருந்து, பின்பு போல்ட்டைத் திறங்கள். பழைய தோட்டாக்களில் தாமத வெடிப்பு உண்மையான ஆபத்து. கைப்பிடியை இறக்க வழக்கத்தைவிட அதிக வலு தேவைப்பட்டால், அல்லது திறக்கச் சுத்தியல் தேவைப்படும் நிலை வந்தால், அன்றைய சோதனையை அங்கேயே நிறுத்திவிடுங்கள். கடைசியாகச் சுட்ட கூட்டைத் தனியே எடுத்துவைத்துப் பழுதுபார்ப்பாளரிடம் காட்டுங்கள். அதன் ரிம்மிலும் உடலிலும் உள்ள கீறல்கள் சேம்பரின் நிலையையும் எக்ஸ்ட்ராக்டரின் நிலையையும் அவருக்குச் சொல்லிவிடும்.